686 கிலோமீட்டர் குகை: நீர் குடைந்ததும் மனிதர் அளந்ததும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், காடு மூடிய சாதாரண மேடுகளுக்கு அடியில் உலகத்திலேயே நீளமான குகை இருக்கிறது. பெயர் மாமத் குகை. பெயரைக் கேட்டதும் அங்கே பழங்கால மாமத் யானையின் எலும்பு கிடைத்திருக்குமோ என்று தோன்றும். அப்படி இல்லை. 'மிகப் பெரியது' என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை வைத்தார்கள். இதுவரை அளந்து வரைபடத்தில் ஏற்றிய வழிகள் மட்டும் 686 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடும் காருக்கே பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் அது.

இந்த 686 கிலோமீட்டர் ஒரே நேராக நீளும் சுரங்கம் இல்லை. சிக்குப் பிடித்த நூல்கண்டை ஒரு பெட்டிக்குள் அமுக்கி வைத்ததுபோல, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, சில மேடுகளுக்குக் கீழேயே அத்தனையும் அடங்கியிருக்கிறது. ஏன் குறிப்பாக அந்த இடத்தில் இவ்வளவு நீளம்? அந்த நீளத்தை யார், எப்படி அளந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் குகை நன்றாகப் புரியும். முதல் கேள்விக்குப் பதில் நீர். இரண்டாவதற்குப் பதில், வயிற்றால் ஊர்ந்து போன மனிதர்கள்.

கடலடியில் தொடங்கியது

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைக்குக் கென்டக்கி என்று சொல்லும் நிலம் பூமத்தியரேகைக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடியில் படிந்து, அடுக்கடுக்காக இறுகி, நூறு மீட்டருக்கும் மேல் தடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையாயின. குகைச் சுவர்களில் இன்றும் அந்தக் கடலின் தடயங்கள் உண்டு. 2019-க்குப் பிறகு நடந்த தேடலில், அந்தக் காலத்துச் சுறாக்களின் பற்களும் முள்களும் பல இனங்களைச் சேர்ந்தவையாகப் பாறையில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு பெரிய சுறாவின் தலைப்பகுதியே அங்கே இருக்கிறது. கடலே இல்லாத ஒரு மாநிலத்தில், தலைக்கு மேல் இருக்கும் கூரையில் சுறாவின் பல் பதிந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கடல் பின்வாங்கியபோது வடக்கிலிருந்து வந்த பெரிய ஆறு ஒன்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அந்த மணல் இறுகி, சுண்ணாம்புப் பாறைக்கு மேல் ஒரு மணற்பாறை மூடியாக அமர்ந்தது. இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குகை இத்தனை நீளமாக அழியாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

சோடாவும் பாறையும்

சுண்ணாம்புப் பாறையைத் தூய நீர் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஆனால் மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவை இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. வாயுவும் நீரும் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று படுவது இதுதான். மண்ணில் ஊறும் நீரில் இந்த அமிலம் மிக மிக மெலிதாக இருக்கும். கையில் பட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே விரிசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தால், பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரோடு போய்விடும். முடி அளவு விரிசல் விரல் நுழையும் ஓட்டையாகிறது. ஓட்டை பெரிதானதும் அதிக நீர் அந்த வழியையே தேடி வருகிறது. அதிக நீர் வந்தால் இன்னும் வேகமாகக் கரைகிறது. அக்கம்பக்கத்து விரிசல்கள் பின்தங்க, சில வழிகள் மட்டும் ஆறுபோலப் பெருத்துவிடுகின்றன.

இப்படி நீர் பாறையைக் கரைத்து உருவாக்கும் நில அமைப்புக்குக் கார்ஸ்ட் என்று பெயர். மாமத் குகைக்குத் தெற்கேயும் கிழக்கேயும் ஒரு பெரிய சமவெளி இருக்கிறது. அங்கே மணற்பாறை மூடி எப்போதோ அரித்துப் போய்விட்டது, சுண்ணாம்புப் பாறை வெளியே தெரிகிறது. நிலம் முழுக்கக் கிண்ணம்போலக் குழிந்த உறிஞ்சு துளைகள். ஓடைகள் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். அந்த நீர் எல்லாம் மேடுகளுக்கு அடியில் புகுந்து, குகை வழியாக ஓடி, கடைசியில் கிரீன் ஆற்றங்கரையில் ஊற்றுகளாக வெளியே வருகிறது. பரந்த சமவெளியின் மழையெல்லாம் கீழே போகிறது. அது வெளியேற ஒரே பெரிய ஆறு. எத்தனை வழி இருந்தாலும் போதாது என்பதுபோல நீர் புதிது புதிதாக வழி குடைந்தது.

சரி, நீருக்கு வழி கிடைத்துவிட்டது. பிறகு ஏன் அடுக்கு அடுக்காகக் குகை? இங்கேதான் கிரீன் ஆறு வருகிறது.

குகைக்குள் ஓடும் நீர் எப்போதும் ஆற்றின் மட்டத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஆறு ஒரே மட்டத்தில் நெடுங்காலம் நின்றால், அந்த மட்டத்தில் நீர் நிரம்பிய பெரிய குழாய்கள் உருவாகும். அப்புறம் ஆறு தன் பள்ளத்தாக்கை இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டால், குகை நீரும் அதைத் தொடர்ந்து கீழே இறங்கிப் புதிய வழி தேடும். பழைய குழாய் வறண்டு, மேல்மாடிபோல அப்படியே நிற்கும். பனியுகங்களில் வடக்கேயிருந்து வந்த பனிப்பாறைகள் ஒஹாயோ ஆற்றின் போக்கையே மாற்றியமைத்தன. அதில் போய்ச் சேரும் கிரீன் ஆறு அதனால் சட்டென்று ஆழமாக வெட்டத் தொடங்கியது. ஒவ்வொரு இறக்கமும் குகையில் ஒரு தளம். மேல்தளம்தான் பழையது, கீழ்த்தளம்தான் புதியது. வீடு கட்டும் முறைக்கு நேர் எதிர்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குகை ஓர் இன்மை, வெறும் இடம். வெறும் இடத்துக்கு வயது பார்க்க முடியாது. ஆனால் பழைய வெள்ளம் உள்ளே இழுத்துவந்த கூழாங்கற்களுக்குப் பார்க்கலாம். அவற்றில் உள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) வெளியே கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கப் பொருள்கள் தெரிந்த விகிதத்தில் உருவாகின்றன. கல் குகைக்குள் போனதும் கதிர் படுவது நின்றுவிடும். அதன்பின் அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதையும். மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால், கல் எப்போது உள்ளே புதைந்தது என்று தெரிந்துவிடும். நிலவியலாளர் டாரில் கிரேஞ்சரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2001-ல் வெளியிட்ட முடிவின்படி, மேல்தளங்கள் 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அவர்களில் ஒருவரான ஆர்தர் பாமர் இந்தக் குகையின் நிலவியலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்.

உள்ளே நடப்பவர் ஒருவர் வழியின் வடிவத்தைப் பார்த்தே கொஞ்சம் ஊகிக்கலாம். படுக்கவைத்த முட்டைபோல அகலமாக, உருண்டையாக இருந்தால், அந்தக் காலத்தில் அது முழுக்க நீர் நிரம்பி இருந்திருக்கிறது. குறுகலாக, ஒல்லியாக, உயரமாக இருந்தால், ஓடை ஒன்று காற்றுவெளியில் ஓடித் தரையை மட்டும் வெட்டிக்கொண்டே கீழே போயிருக்கிறது. மேலே உருண்டையும் கீழே பிளவுமாகச் சாவித்துவாரம்போல இருந்தால், முதலாவது நடந்து பிறகு இரண்டாவது நடந்தது என்று அர்த்தம். பாறை தன் கதையை வடிவத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இப்போது அந்த மணற்பாறை மூடிக்கு வருவோம். அது கரையாது. மேட்டின் மேல் பெய்யும் மழையைக் குகைக்குள் இறங்கவிடாமல் குடைபோல ஓரத்துக்குத் தள்ளிவிடும். அதனால்தான் மேல்தளங்கள் இடியாமல், கரையாமல், உலர்ந்தே நிற்கின்றன. குகை என்றதும் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும் தரையிலிருந்து எழும் கல்முளைகளையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே பெரும்பகுதியில் அவை கிடைக்காது. சொட்டும் நீர் இருந்தால்தான் அவை வளரும். சுண்ணாம்பு கலந்த கிணற்றுநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சொட்டுச் சொட்டாகப் படிந்து கல்விழுதாகிறது. மாமத்தில் மூடி உடைந்த ஓரங்களில் மட்டும் அந்த அழகைப் பார்க்கலாம். உறைந்த அருவிபோல நிற்கும் ஒரு கல் திரைக்கு 'உறைந்த நயாகரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த பகுதிகளில் வேறோர் அழகு: சுவரிலிருந்து இதழ் விரியும், ஜிப்சம் என்ற கனிமத்தாலான பூக்கள்.

பந்தம் ஏந்தி வந்தவர்கள்

இந்தக் குகைக்குள் மனிதர் முதலில் நுழைந்து சுமார் 5000 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்கப் பழங்குடிகள் நாணல்களைக் கட்டிப் பந்தமாகக் கொளுத்திக்கொண்டு, நாரில் பின்னிய செருப்போடு, கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போயிருக்கிறார்கள். சுவரிலிருந்து ஜிப்சத்தையும், பேதி உப்பு போன்ற உப்புகளையும் சுரண்டி எடுத்தார்கள். எரிந்த நாணல் துண்டுகள், சுரைக்குடுக்கைகள், செருப்புகள், மனிதக் கழிவுகூட, உலர்ந்த காற்றில் கெடாமல் கிடந்தன. அந்தக் கழிவை நுணுக்கமாக ஆராய்ந்து அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டறிந்த முன்னோடி, தொல்லியலாளர் பேட்டி ஜோ வாட்சன். சூரியகாந்தி விதைகள் போன்றவற்றை அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். மக்காச்சோளம் அந்தப் பக்கத்தின் முக்கிய உணவாவதற்கு முன்பே உள்ளூர்ச் செடிகளைப் பயிரிட்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. 1935-ல், பெரிய பாறை ஒன்றின் அடியில் நசுங்கி இறந்த ஒருவரின் உடல் கிடைத்தது. கனிமம் தோண்டும்போது பாறை அவர் மேல் சரிந்திருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போக்குவரத்து நின்றுபோனது. குகை மறுபடி இருட்டுக்குள் போனது.

1790களின் கடைசியில், ஹூச்சின்ஸ் என்ற வேட்டைக்காரர் அடிபட்ட கரடியைத் துரத்திக்கொண்டு வாசலைக் கண்டதாக அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, குகை மண்ணில் வெடியுப்பு இருப்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. 1812-ல் பிரிட்டனோடு போர் மூண்டபோது வெளிநாட்டு வெடிமருந்து வரத்து நின்றது. இங்கே வேலை சூடுபிடித்தது. சுமார் 70 கறுப்பின அடிமைகள் இருட்டில், எண்ணெய் விளக்கின் புகையில், மண்ணை வெட்டி மரத்தொட்டிகளில் நிரப்பி, நீர் ஊற்றி உப்பைக் கரைத்து எடுத்தார்கள். துளையிட்ட மரத்தண்டுகளே தண்ணீர்க் குழாய்கள். வடிந்த நீரைச் சாம்பல்நீரோடு சேர்த்துக் காய்ச்சினால் துப்பாக்கி மருந்துக்கான வெடியுப்பு கிடைக்கும். போர் முடிந்ததும் விலை விழுந்தது, தொழில் படுத்தது. அந்தத் தொட்டிகளும் குழாய்களும் இருநூறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன. பிரதான வாசலில் இறங்குகிறவர்கள் கொஞ்ச தூரத்திலேயே அவற்றைப் பார்க்கலாம்.

1816 முதல் குகையைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழி காட்டியவர்களில் பலர் அடிமைகள். அவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லியே ஆகவேண்டும்.

ஸ்டீபன் பிஷப்

1838-ல் ஃபிராங்க்ளின் கோரின் என்பவர் குகையை வாங்கினார். தன்னிடம் அடிமையாக இருந்த ஸ்டீபன் பிஷப்பை வழிகாட்டியாக்கினார். பிஷப்புக்கு அப்போது சுமார் 17 வயது. தெரிந்த வழிகளைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார், அதோடு நிற்கவில்லை. 'அடியில்லாப் பள்ளம்' என்று பெயர்பெற்ற ஒரு குழி அதுவரை எல்லோரையும் தடுத்து நிறுத்தியிருந்தது. உண்மையில் அதன் ஆழம் 32 மீட்டர். அதன் குறுக்கே மரத்தைப் போட்டு, விளக்கோடு பிஷப் தாண்டினார். அந்தப் பக்கத்தில் விரிந்தது ஒரு புதிய குகை: பெரிய கூடங்கள், நிலத்தடி ஆறுகள், அந்த ஆறுகளில் கண்ணில்லாத வெள்ளை மீன்கள்.

அடுத்த ஆண்டே குகையை, அடிமைகள் உட்பட, ஜான் குரோகன் என்ற மருத்துவர் விலைக்கு வாங்கினார். 1842-ல் அவர் பிஷப்பைத் தன் வீட்டுக்கு வரவழைத்து வரைபடம் வரையச் சொன்னார். பிஷப் அதை நினைவிலிருந்தே வரைந்தார். 1845-ல் குகையைப் பற்றிய ஒரு நூலில் அது அச்சானது, அவருடைய பெயரோடு. ஓர் அடிமையின் அறிவுழைப்பு அவர் பெயரிலேயே அச்சேறுவது அந்தக் காலத்தில் மிக அபூர்வம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்த வரைபடம்தான் எல்லோருக்கும் வழி. நான்கு பக்கமும் பாறை, ஒரு திருப்பத்துக்கு அப்பால் விளக்கு எட்டாது, திசை தெரியாது. அப்படிப்பட்ட இடத்தைத் தலைக்குள் முழுசாக வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய ஆற்றல்! மாமத் குகையின் வரலாற்றில் ஒருவரை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். 1856-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. மறு ஆண்டே இறந்துபோனார். அவர் கல்லறை பூங்காவிலேயே, பழைய வழிகாட்டிகளின் இடுகாட்டில் இருக்கிறது.

அவரோடு வேலை செய்த மேட் பிரான்ஸ்ஃபர்ட், நிக் பிரான்ஸ்ஃபர்ட் என்ற இருவரும் அடிமைகள்தான். மேட் பிரான்ஸ்ஃபர்டின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வழிகாட்டிகள் வந்தார்கள். ஆனால் தேசியப் பூங்கா உருவானபோது கறுப்பின வழிகாட்டிகளுக்கு அதில் வேலை கிடைக்கவில்லை. நூறாண்டு அனுபவம் அப்படியே அறுந்தது. 2004-ல்தான் அந்தக் குடும்பத்தின் வாரிசு ஒருவர் மறுபடி வழிகாட்டியாக உள்ளே இறங்கினார்.

குரோகன் செய்த இன்னொரு காரியம் சோகமானது. குகைக்குள் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். காற்றும் ஒரே சீர். காசநோய்க்கு இது நல்லது என்று நம்பி, 1842 குளிர்காலத்தில் நோயாளிகளை உள்ளே குடிசைகள் கட்டிக் குடியமர்த்தினார். சமையல் புகையும் விளக்குப் புகையும் இருட்டும் சேர்ந்து அவர்களை மேலும் நலியச் செய்தன. சிலர் உள்ளேயே இறந்தார்கள். சில மாதங்களில் முயற்சி கைவிடப்பட்டது. 1849-ல் குரோகனும் அதே காசநோயில் இறந்தார். கல்லால் கட்டிய இரண்டு குடிசைகள் இன்றும் நிற்கின்றன.

மேலே யார் நிலம், கீழே யார் குகை

1908-ல் மாக்ஸ் கெம்பர் என்ற ஜெர்மன் பொறியாளர் வந்தார். ஸ்டீபன் பிஷப்பின் உறவினரான எட் பிஷப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல மாதங்கள் உழைத்து, வியக்கத்தக்க துல்லியத்தோடு குகையை அளந்தார். அந்த வரைபடம் உரிமையாளர்களுக்கு ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது. குகையின் வழிகள் தங்கள் நில எல்லையைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்கு அடியில் போவதை அது காட்டியது. அதனால் அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் உண்மை நெடுநாள் ஒளிந்திருக்கவில்லை. ஜார்ஜ் மாரிசன் என்பவர் எல்லைக்கு வெளியே இருந்த நிலத்தில் பாறையை வெடித்து, 1921-ல் 'புதிய வாசல்' என்று ஒன்றைத் திறந்து, அதே மாமத் குகைக்கு டிக்கெட் விற்கத் தொடங்கினார்.

அந்த வட்டாரத்தில் விவசாயம் சுமாராகத்தான் விளையும். குகை இருந்தால் சுற்றுலாப் பணம். அதனால் ஆளுக்கொரு குகை, ஆளுக்கொரு டிக்கெட். வழியில் நின்று, மாமத் குகைக்குப் போகும் கார்களை மறித்துத் தங்கள் பக்கம் திருப்பிவிடக் கூலியாட்கள்கூட இருந்தார்கள். 'குகைச் சண்டைகள்' என்றே அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள்.

ஃபிளாய்ட் காலின்ஸ் இந்தப் போட்டியில் சிக்கிய மனிதர். குகை தேடுவதில் கெட்டிக்காரர். 1917-ல் தன் குடும்ப நிலத்தில் கிறிஸ்டல் குகையைக் கண்டுபிடித்தார். ஆனால் அது சாலையின் கடைக்கோடியில் இருந்ததால் ஆட்கள் வரவில்லை. சாலைக்குப் பக்கமாக வேறு குகை தேடி, 1925 ஜனவரி 30 அன்று, மணல் குகை என்ற குறுகிய பொந்தில் தனியாக இறங்கினார். திரும்பும்போது சுமார் 12 கிலோ எடையுள்ள ஒரு கல் விழுந்து இடது காலைப் பிடித்துக்கொண்டது. கை எட்டாத இடம். வில்லியம் மில்லர் என்ற லூயிவில் நகரப் பத்திரிகையாளர், உடம்பு சின்னதாக இருந்ததால், மறுபடி மறுபடி ஊர்ந்து உள்ளே போய் அவருக்கு உணவு கொடுத்தார், பேசினார், எழுதினார். நாடு முழுக்க வானொலியும் பத்திரிகையும் அதைப் பின்தொடர்ந்தன. பல்லாயிரம் பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பொந்து இடையில் இடிந்து வழி அடைபட்டது. பக்கத்தில் குழி தோண்டி பிப்ரவரி 16 அன்று போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. மில்லருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. காலின்ஸின் உடலைப் பிறகு கிறிஸ்டல் குகையில் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டினார்கள். 1929-ல் அதை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், மீட்டபோது ஒரு கால் இல்லை. 1989-ல்தான் அவருக்கு ஒழுங்கான அடக்கம் நடந்தது.

அவர் இறந்த மறு ஆண்டு, 1926-ல், மாமத் குகையைத் தேசியப் பூங்காவாக்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. நிலம் சேர்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறின. சிலர் மனமுவந்து விற்றார்கள், சிலரிடமிருந்து சட்டத்தின் பேரில் எடுத்தார்கள். பூங்காவின் காட்டுக்குள் நடந்தால் அவர்களுடைய இடுகாடுகள் இன்றும் தென்படும். 1941 ஜூலை 1 அன்று பூங்கா முறையாகத் தொடங்கியது. 1981-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அளப்பது எப்படி

குகையை அளக்கும் வேலை சொல்ல எளிது, செய்யக் கடினம். நான்கு பேர் கொண்ட குழு. ஒருவர் முன்னால் போய் ஒரு புள்ளியில் நிற்பார். அங்கிருந்து பின்னால் இருப்பவர் வரை நாடாவால் தூரம், திசைகாட்டியால் திசை, சாய்வுமானியால் ஏற்ற இறக்கம். மூன்று எண்கள். ஒருவர் அவற்றைக் குறித்துக்கொண்டு, சுவரையும் தரையையும் படமாக வரைவார். அப்புறம் அடுத்த புள்ளி. இப்போது நாடாவுக்குப் பதில் லேசர் கருவி வந்துவிட்டது, ஆனால் உடம்பு படும் பாடு மாறவில்லை. முழங்கால் உரச, மார்பு தரையைத் தொட, சேறும் குளிருமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். 686 கிலோமீட்டர் என்பது இப்படிப்பட்ட துண்டுகளின் கூட்டல். யாராவது உடம்போடு போய் அளக்காத ஒரு மீட்டர்கூட அந்தக் கணக்கில் சேராது.

மாமத் குகை மேட்டுக்குப் பக்கத்தில் பிளின்ட் மேடு. காலின்ஸின் கிறிஸ்டல் குகை அங்கேதான் இருக்கிறது. 1957-ல் உருவான குகை ஆராய்ச்சி அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் அந்த மேட்டின் தனித்தனிக் குகைகளை ஒன்றாக இணைத்து வரைந்தார்கள். இரு மேடுகளுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. மேல்தள வழிகளையெல்லாம் பள்ளத்தாக்கு வெட்டிவிட்டது. இரண்டையும் இணைக்கும் வழி இருந்தால், அது பள்ளத்தாக்குக்கும் கீழே, ஆற்று மட்டத்தில், நீரோடுதான் இருக்கும். பல ஆண்டுகள் தேடினார்கள்.

1972 கோடையில் பட்ரீசியா க்ரௌதர், மற்றவர்களால் நுழைய முடியாத ஒரு இடுக்கில் நுழைந்து அப்பால் போனார். அந்த வழியைத் தொடர்ந்தபோது, மனிதர் யாருமே வந்திருக்க முடியாது என்று நினைத்த இடத்தில், சுவரில் 'பீட் ஹெச்' என்று ஒரு பெயரும் ஒரு அம்புக்குறியும். மாமத் குகையின் பழைய வழிகாட்டி பீட் ஹான்சன் எழுதியது. அப்படியானால் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வர வழி இருக்கிறது! செப்டம்பர் 9 அன்று ஜான் வில்காக்ஸ் தலைமையில் ஆறு பேர் இறங்கினார்கள். மார்பளவு குளிர்ந்த நீரில், கூரை தலையை இடிக்க, நடந்தார்கள். முன்னால் போன வில்காக்ஸின் விளக்கில் சுற்றுலாப் பாதையின் கம்பி பளிச்சிட்டது. இரண்டு குகைகளும் ஒன்றாயின. நீளம் 232 கிலோமீட்டர். வந்த வழியே திரும்பாமல் மாமத் குகை வழியாகவே வெளியேறினார்கள். (பட்ரீசியாவின் அப்போதைய கணவர் வில் க்ரௌதரும் இந்தக் குகையை அளந்தவர். பிற்பாடு அவர் இதே வழிகளை வைத்து எழுதிய நிரல்தான் கணினியில் சாகச விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி.)

1983-ல் பூங்காவுக்கு வெளியே, கிழக்கே இருந்த ரோப்பல் குகையும் இணைந்தது. இரு பக்கமிருந்தும் கிளம்பிய இரு குழுக்கள் நடுவில் சந்தித்தன. நீளம் சுமார் 470 கிலோமீட்டரானது. பூங்காவின் எல்லைக்கோடு மேலே காட்டில் முடிகிறது. குகைக்கு அந்தக் கோடு தெரியாது.

அது வெறும் நில உரிமைச் சிக்கல் மட்டும் இல்லை. சமவெளியில் ஒரு குழிக்குள் கொட்டும் எதுவும் சில மணிகளிலோ சில நாள்களிலோ குகை ஆற்றில் வந்து சேரும். சாதாரண மண்ணைப்போல வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. ஜேம்ஸ் குவின்லன் என்ற நிலவியலாளர் உறிஞ்சு துளைகளில் சாயம் கரைத்துவிட்டு, எந்த ஊற்றில் எப்போது வருகிறது என்று பார்த்துப் பார்த்து, பூமிக்கடியில் ஓடும் ஆறுகளின் படத்தையே வரைந்தார். பூங்காவுக்கு அருகில் ஹார்ஸ் கேவ் என்ற ஊரில் சாக்கடை கலந்து ஒரு குகையே நாறிப்போய், 1943-ல் மூடி, ஐம்பது ஆண்டுகள் போல அப்படியே கிடந்தது. நல்ல கழிவுநீர் ஆலை வந்த பிறகுதான் மீண்டது. கீழ்த்தள ஆறுகளில் வாழும் கென்டக்கி குகை இறால் இந்த வட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நிறமில்லாத, கண்ணில்லாத சிறிய உயிர். 1983 முதல் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. கிரீன் ஆற்றில் கட்டியிருந்த ஒரு பழைய தடுப்பணை குகைக்குள் நீரை எக்கித் தேங்க வைத்திருந்தது. 2017-ல் அதை அகற்றிய பின் கீழ்த்தள ஆறு தன் பழைய ஓட்டத்துக்குத் திரும்பத் தொடங்கியது. வௌவால்களின் கதை அவ்வளவு நல்லதல்ல. வெள்ளை மூக்கு நோய் என்ற பூஞ்சைத் தொற்று 2013-ல் இங்கே வந்து சேர்ந்தது. சுற்றுலா முடித்து வெளியே வருகிறவர்களைச் சோப்பு நீர் ஊறிய விரிப்பில் நடக்க வைப்பது, செருப்பில் ஒட்டிய பூஞ்சை வேறு குகைக்குப் போகாமல் இருப்பதற்காக.

686 என்ற எண் 2022-ல் அறிவிக்கப்பட்டது. தன்னார்வக் குழுக்கள் இப்போதும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஊர்ந்தும் சில நூறு மீட்டர்தான் கூடும் நாள்கள் உண்டு. நேரம் முடிந்தால், கடைசிப் புள்ளியைச் சுவரில் குறித்துவிட்டுத் திரும்புவார்கள். வரைபடத்தில் வழி இன்னும் முடியாத அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது வழக்கம். மாமத் குகையின் வரைபடத் தாள்களில் அப்படிப்பட்ட கேள்விக்குறிகள் நிறைய இருக்கின்றன.